மச்சு ஏன் குலுங்கியது?

நாகர்கோவில் பக்கம் எங்கள் தாத்தா வீட்டு மச்சில் யார் நடந்தாலும் கண்ணாடி அலமாரிக்குள் கோப்பைகள் கலகலக்கும். சத்தத்தை வைத்தே நடப்பது சித்தப்பாவா ஆச்சியா என்று சிறுவயதில் சொல்லிவிடுவோம். போன வருடம் ஒரு பலகை காலடியில் விரிசல் விட்ட பிறகுதான் மரத்தளத்தை மொத்தமாகப் பிரித்தோம்.

உள்ளே சுவருக்குச் சுவர் 12 அடி நீள அயனி மரக் கட்டைகள். 4 அங்குல அகலம், 6 அங்குல உயரம். ஒன்றின் நடுக்கோட்டிலிருந்து அடுத்ததன் நடுக்கோட்டுக்கு 30 அங்குலம். மேலே ஓர் அங்குலத் தேக்குப் பலகை. மரவீடுகள் மிகுந்த அமெரிக்காவில் 16 அங்குலத்துக்கு ஒரு கட்டை வைப்பது பரவலான வழக்கம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: கட்டியவர் கட்டையில் மிச்சம் பிடித்துவிட்டார்.

நானும் நம்பினேன், மாடிப்படித் தலைப்பில் பழைய டிரங்குப் பெட்டியை நகர்த்தும் வரை. அதன் அடியில் மூன்று பலகைகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. கனம் 2 அங்குலம். ஆச்சியிடம் கேட்டால், வண்டு அரித்துப் போன பழைய தளத்தைத் தாத்தா ஒரு முறை மாற்றினாராம். அப்போது வந்ததுதான் மெல்லிய பலகை. இந்த மூன்றும் பழைய தளத்தின் மிச்சம். கட்டைகளை அகலவிட்டு வைத்தவர் கணக்குத் தெரிந்தே வைத்திருக்கிறார்.

அந்தக் கணக்கை ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை வைத்தே பார்த்துவிடலாம். இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் விரலால் அழுத்துங்கள். பிறகு புத்தகங்களைப் பாதித் தூரத்துக்கு நெருக்கிவிட்டு அதே அளவு அழுத்துங்கள். தொய்வு பாதியாகக் குறையும் என்று மனம் எதிர்பார்க்கும். உண்மையில் எட்டில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஓர் ஆள் நிற்பது போன்ற பாரத்துக்குத் தொய்வு, தாங்கும் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வு 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்கு. கனமோ இதற்கு நேர் எதிர்: பலகையை இரண்டு மடங்கு தடிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகும்.

எங்கள் மச்சுக்கு எண்களைப் போட்டுப் பார்த்தேன். 6 அங்குல அகலப் பலகை ஒன்று பக்கத்துப் பலகைகளின் துணையின்றி 30 அங்குல இடைவெளியைத் தாண்டுகிறது, நடுவில் 70 கிலோ ஆள் நிற்கிறார் என்று கொண்டால், ஓர் அங்குலத் தேக்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தொய்கிறது. 2 அங்குலத் தேக்காக இருந்தால் 0.3 மில்லிமீட்டர்தான். இடைவெளியில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்வு போகக் கூடாது என்பது பொறியாளர்கள் பரவலாகக் கையாளும் வரம்பு. 30 அங்குலத்துக்கு அது 2 மில்லிமீட்டர் சொச்சம். பழைய பலகை இந்த வரம்புக்கு வெகு கீழே இருந்தது, புதிய பலகை அதைத் தாண்டிவிட்டது. ஆள் நடக்கும்போது குதிகால் இடிக்கும் வேகம் வேறு சேரும்.

முறியாமல் தாங்குவது வலிமை, தொய்யாமல் நிற்பது விறைப்பு; அது வேறு, இது வேறு. கனத்தைப் பாதியாக்கினால் பலகையின் வலிமை கால் பங்காகக் குறையும், விறைப்போ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் மெல்லிய பலகை முறியாமலே இத்தனை வருடம் நம்மைக் குலுக்கிக்கொண்டிருந்தது.

இனி என்ன செய்வது? திரும்பவும் 2 அங்குலத் தேக்கு போடலாம். இன்றைய தேக்கு விலையில் அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஓர் அங்குலப் பலகையின் மேல் இன்னோர் அங்குலப் பலகையை அடித்தால் இரண்டு அங்குலம் ஆகிவிடாதா என்றான் தம்பி. நியாயமான கேள்வி. 200 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வளைத்துக் காட்டினேன். எளிதாக வளையும், கவனித்தால், தாள்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் படிக்கட்டு போல விலகுவது தெரியும். இரு ஓரங்களையும் இறுக்கிக் கவ்விவிட்டு வளைத்தால் கை வலிக்கும். இரண்டு பலகைகளைச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான். துளியும் வழுக்காமல் ஒட்டினால்தான் எட்டு மடங்கு. அப்படி ஒட்ட, பரப்பு முழுவதும் பசை பிடிக்கும்படி அழுத்த வேண்டும். ஒட்டுப்பலகை ஆலையில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. எங்கள் மச்சில் நாங்கள் நால்வர்தான் இருந்தோம்.

கடைசியில் தச்சர் சொன்ன வழிதான் நின்றது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே புதிதாக ஒரு கட்டை. இடைவெளி 15 அங்குலமாகிறது, நல்ல நிலையில் உள்ள ஓர் அங்குலப் பலகைகளையே திரும்பப் போடலாம். கட்டையை நிற்கவைத்துப் போட வேண்டும். 4-க்கு 6 கட்டையைப் படுக்கவைத்தால் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும்.

வேலையில் பெரும்பங்கு நேரத்தைத் தின்றது மட்டம் பார்ப்பதுதான். மரம் நிரந்தரப் பாரத்தின் கீழ் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்து படியும். பாரத்தை எடுத்தாலும் முழுதாக நிமிராது. நூல் பிடித்துப் பார்த்தபோது பழைய கட்டைகள் நடுவில் அரை அங்குலம் இறங்கியிருந்தன. புதியவை நேராக நின்றன. முட்டுக்கொடுத்து உயர்த்திப் பழையதை நிமிர்த்தப் பார்ப்பது சுவருக்கு நல்லதல்ல. அதனால் முனையில் ஒன்றுமில்லாமல் நடுவில் அரை அங்குலம் வரும்படி சீவிய பட்டிகளைப் பழைய கட்டைகளின் தலையில் ஒட்டித் திருகினோம்.

சுவருக்குள் போகும் முனைகளை ஊசியால் குத்திப் பார்த்தார் தச்சர். இரண்டு இடத்தில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மரத்தின் வெட்டுமுனை உறிஞ்சுகுழல் போல ஈரத்தை இழுக்கும், ஈரம் போன வழியில் கரையானும் போகும். அழுகியதை அறுத்துவிட்டு, பக்கவாட்டில் புது மரத்தை வைத்துப் போல்ட் போட்டு முடுக்கி, சுவர்க்குழியில் காற்றுப் போகச் சந்து விட்டோம்.

பலகைகளை முடிந்தவரை நீளமாக, மூன்று நான்கு கட்டைகளைத் தாண்டிப் போகும்படி இட்டோம். ஒரே பலகை அடுத்த இடைவெளிக்கும் தொடர்ந்தால், அந்தப் பக்கத்து மரம் இந்தப் பக்கத்தை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு இடைவெளிக்குத் தொடர்ந்தாலே தொய்வில் கால் பங்குக்கு மேல் குறைகிறது. ஓரங்களில் நாக்கும் பள்ளமும் இழைத்துக் கோர்த்ததால் ஒரு பலகையில் வைத்த காலை மூன்று பலகைகள் தாங்குகின்றன. ஆணி அடிக்கவில்லை, திருகாணிதான். பழைய தளத்தின் கிரீச் சத்தம், ஆணித்தண்டில் பலகை ஏறி இறங்கி உரசிய சத்தம்தான். வேலை நடந்தது சித்திரை வெயிலில். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப ஊதும். ஐப்பசி மழையில் ஊதுவதற்கு இடமாகச் சுவரோரம் அரை அங்குலம் விட்டு, மேலே பட்டி வைத்து மறைத்தோம்.

கோப்பைகள் இப்போதும் லேசாகக் கலகலக்கின்றன. 12 அடிக் கட்டையின் நடுவில் ஆள் நின்றால் அந்த ஒரு கட்டைக்கே 2 மில்லிமீட்டர் தொய்வு வரும் என்பது கணக்கு. பலகைகள் பாரத்தைப் பக்கத்துக் கட்டைகளுக்கும் பகிர்வதால் அது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அதையும் நிறுத்த வேண்டுமானால் கீழே கூடத்தின் நடுவில் ஒரு தூண் நட வேண்டும். ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை.