கசியும் நீர் என்ன நிறம்?

கசிவே இல்லாத ஏரிக்கரை எங்கும் கிடையாது. மண்ணால் கட்டிய கரை கொஞ்சம் நீரை விடத்தான் செய்யும். ஆகவே ஏரி நிரம்பியிருக்கும்போது வெளிச்சரிவின் அடியில் ஈரத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அந்த நீரின் நிறத்தை. தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால், கரையின் உள்ளிருந்து மண் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு சில மணி நேரம்கூட மிச்சமில்லாமல் போகலாம்.

நடப்பது இதுதான். ஏரிப் பக்கம் நீர் உயர்ந்து நிற்கிறது, மறுபக்கம் வயல் தாழ்ந்து கிடக்கிறது. இந்த உயர வேறுபாடு, மண் துகள்களின் இடுக்குகள் வழியே நீரைத் தள்ளுகிறது. வெளியேறும் இடத்தில் மேல்நோக்கி வரும் நீரின் உந்துதல், நீருக்குள் அந்தத் துகளுக்கு உள்ள எடையை விஞ்சினால் துகள் மிதக்கத் தொடங்கும். சாதாரண மணலில், ஒரு மீட்டர் நீளப் பாதைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீர்மட்ட வேறுபாடு இருந்தாலே இந்த எல்லை வந்துவிடும். முதல் துகள் போனதும் நீர் கடக்க வேண்டிய பாதை குறைகிறது. பாதை குறைந்தால் உந்துதல் கூடும். அடுத்த துகளும் போகும். அரிப்பு இப்படி வெளியிலிருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கி ஏறுகிறது. அது ஏரி நீரைத் தொடும்வரை கரையின் மேலே சைக்கிளில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. தொட்டபின் துளை பெரிதாகி, கூரை இடிந்து, கரை திறந்துகொள்ளும்.

இந்த அரிப்புக்குத் தோதான இடங்கள் உண்டு. மதகின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடம் முதலாவது. அங்கே மண்ணைச் சரியாக இறுக்கிக் கெட்டிப்படுத்துவது கடினம். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிவிட்ட தடம், எலி வளை, நண்டு வளை எல்லாம் அடுத்து. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலை 2 இரவு திவரே அணை உடைந்து சுமார் 20 பேர் இறந்தபோது, மாநில அமைச்சர் ஒருவர் பழியை நண்டுகள் மேல் போட்டார். நாடு சிரித்தது. நண்டு வளை மண் கரையைப் பலவீனப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் கசிவைப் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே புகார் செய்திருந்தார்கள் என்று செய்திகள் வந்தன. அதற்கு நண்டு பொறுப்பாகாது.

கலங்கிய நீர் வரும் ஊற்றைக் கண்டால் களிமண்ணை அப்பி அடைக்கத்தான் கை போகும். அது தவறு. அடைத்த நீர் பக்கத்தில் வேறு வழி பார்க்கும், அழுத்தமும் உள்ளே ஏறும். நீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் கல். ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ளதன் துகள் நழுவாத அளவு நெருக்கமாகவும், நீர் தடையின்றிப் போகிற அளவு தளர்வாகவும் இருக்க வேண்டும். மண் இயந்திரவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி இந்த அளவுப் பொருத்தத்துக்கு விதி வகுத்தார்; இன்றும் அணைகளின் வடிகட்டி அடுக்குகள் அதையொட்டியே அமைகின்றன. இன்னொரு வழி, ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குவது. வட்டத்துக்குள் நீர் தேங்கி உயர்ந்தால் இரு பக்க வேறுபாடு குறையும், உந்துதலும் அடங்கும்.

கரையைக் கொல்லும் இன்னொன்று, நீர் மேலே வழிவது. கல்லால் கட்டிய அணை வழிந்தால் தாங்கும், மண் கரை தாங்காது. அதற்காகத்தான் உபரி நீர் வழிந்தோடக் கட்டிய கலங்கல். கூடுதலாக ஒரு போகத்துக்கு நீர் தேக்கலாம் என்று கலங்கலில் மூட்டை அடுக்கிக் குறுக்கே மறிப்பது பல ஊர்களில் வழக்கம். கரைக்கென்று விட்டுவைத்த பாதுகாப்பு உயரத்தை அது தின்றுவிடுகிறது. தொடர் ஏரிகளில் இது ஓர் ஊரோடு நிற்காது: மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் ஏரிக்குத்தான் வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில், தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன.

இவற்றையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலச் செயல்திட்டம் எல்லாம் கேட்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரையிலானவை, 500 மீட்டர் நீளம் அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றையாவது நிறைவுசெய்தால் உள்ளே வரும். தமிழ்நாட்டின் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவை வெளியே நிற்கின்றன. அவற்றின் பொறுப்பும் ஆயக்கட்டைக் கொண்டுதான் பிரிகிறது: 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எத்தனை ஏக்கர் பாய்கிறது என்பது கணக்கில் உண்டு. உடைந்தால் எத்தனை வீடு போகும் என்பது இல்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருகே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை இருந்தது. சுமார் 12 மீட்டர் உயரம், 120 மீட்டர் நீளம். 1977 நவம்பர் 6 அதிகாலையில் அது உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். அப்போது அதில் இருந்த நீர் சுமார் 8 லட்சம் கன மீட்டர். உயரம், நீளம், கொள்ளளவு மூன்றையும் வைத்துப் பார்த்தால் நம் சட்டத்தின் வலையிலும் அது சிக்கியிருக்காது. மறு ஆண்டே ஜார்ஜியா அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. உடைந்தால் கீழே உயிரிழப்பு நேருமா என்பதை வைத்து அந்தச் சட்டம் அணைகளை வகைப்படுத்துகிறது. கரையில் ஒரு கூடை மண் மாறாவிட்டாலும், கீழே புதிதாக வீடுகள் வந்தால் அணையின் வகை மாறக்கூடும்.