மாடன் அடிக்கல, குளிர் அடிச்சது

மலையேறப் போயி குளிர்ல விறைச்சு எங்கிட்ட வந்தவங்கள்ல, இந்த சீசன்ல இது மூணாவது பையன். முதல் ரெண்டு பேரு வந்தப்ப ரெண்டு ஏச்சு ஏசி அனுப்பிட்டு என் வேலையப் பாத்தேன். மூணாவது ஆள் வந்த அன்னைக்கு வீட்டுக்குப் போயும் தூக்கம் வரல, அதான் எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். நடுவுல நடுவுல ஏசத்தான் செய்வேன், பொறுத்துக்கோங்க.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில கேஷுவால்டி டாக்டர். பாம்புக்கடி, குளவி கொட்டுனது, கரடி கிழிச்ச மூஞ்சி, பைக்ல விழுந்தது, மலையடிவாரத்துல இதெல்லாம் தினப்படி வர்றது. இப்ப புதுசா ஒரு கூட்டம் வருது. தோள்ல பெரிய பேக், கையில ட்ரெக்கிங் குச்சி, உடம்பு மட்டும் ஐஸ் மாதிரி.

இந்தப் பையன் கதைய சொல்றேன், அடையாளத்தை மாத்திட்டேன். நாலு பேரு, எல்லாருக்கும் இருபத்திமூணு இருபத்திநாலு வயசு இருக்கும், வெளியூர்ல வேலை, தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனுக. மேல போயி டெண்ட் அடிச்சு ராத்தங்கி, காலையில மேகத்துக்கு மேல சூரியன் வர்றத வீடியோ எடுக்கணும், அம்புட்டுதான் பிளான். எந்த மலைன்னு சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த சனிக்கிழமை அங்க நாப்பது பேரு நிப்பான். பெர்மிஷன் கிடையாது, வழி தெரிஞ்ச ஆள் கூட கிடையாது.

மத்தியானம் சாப்டுட்டு ஏற ஆரம்பிச்சிருக்கானுக. நாலு மணிக்கெல்லாம் மேகம் எறங்கி மலைய மூடிட்டு. "மழையே இல்ல மேடம், வெறும் மிஸ்ட்டுதான்"னு அந்த மூணு பேரும் திரும்பத் திரும்ப சொல்றானுக, ஆனா சட்டை பனியன் ஜட்டி வரைக்கும் தொப்பலா நனைஞ்சு கிடக்கு. மேகத்துக்குள்ள நடந்தா அப்படித்தான் இருக்கும், மழை பெய்யவே வேண்டாம், மரமே நின்னு சொட்டும். ராத்திரி எட்டு மணிக்கு இவன் வெடவெடன்னு நடுங்கியிருக்கான், பத்து மணிக்குப் பேச்சு குழறியிருக்கு, கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னு போச்சு, சரி பய செட் ஆயிட்டான்னு இவனுகளும் படுத்துட்டானுக. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு சட்டையக் கழட்டி வீசிட்டு "எரியுதுல, எரியுதுல"ன்னு கத்தியிருக்கான்.

அவ்வளவுதான், மூணு பேருக்கும் ஒரே முடிவு. மாடன் அடிச்சிட்டு. ஏறும்போது வழியில ஒரு பீடம் இருந்துச்சாம், அது பக்கத்துல இவன் ஒண்ணுக்குப் போனானாம். விடிஞ்சதும் மாத்தி மாத்தி தூக்கிட்டு எறங்குனவனுக நேரா ஆஸ்பத்திரிக்கு வராம அந்தப் பீடத்துல நிறுத்தி, கற்பூரம் ஏத்தி, திருநீறு பூசி, அங்க ஒரு அரை மணி நேரம். நெத்தி நிறைய திருநீறோடதான் என் டேபிள்ல கிடந்தான். மாடனை நான் குறை சொல்லல, எங்க வீட்டுக் குலசாமியும் சுடலைதான், ஆனா அந்த அரை மணி நேரம் இருக்கே.

சிஸ்டர் டெம்பரேச்சர் பாத்துட்டு "காய்ச்சல் இல்ல டாக்டர்"னாங்க. இதை மத்த டாக்டருங்களுக்காகவும் சொல்றேன், நம்ம வார்டுல இருக்குற பழைய பாதரச தெர்மாமீட்டர் 94, 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ காட்டவே காட்டாது, டிஜிட்டல்னா 'லோ'ன்னு மட்டும் போடும், நாம அதை நார்மல்னு எழுதிட்டு அடுத்த பேஷண்டுக்குப் போயிருவோம். விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டுனா ரீடிங்கே எடுக்கல, விரல்ல ரத்தம் ஓடுனாத்தான எடுக்க. ஆபரேஷன் தியேட்டர் மானிட்டர்ல இருக்குற டெம்பரேச்சர் புரோபைக் கொண்டு வரச் சொல்லி ஆசனவாய் வழியா பாத்தா 30.6 டிகிரி செல்சியஸ். இருக்க வேண்டியது 37. முப்பத்தஞ்சுக்குக் கீழ போனாலே ஹைப்போதெர்மியா. ஈசிஜியில ஆஸ்போர்ன் அலை, உடம்பு ரொம்பக் குளிர்ந்தா கோட்டுல வர்ற ஒரு மேடு, படிக்கும்போது புஸ்தகத்துல பாத்தது, வெயிலுக்குப் பேர்போன ஜில்லாவுல உக்காந்து அதை நேர்ல பாப்பேன்னு நெனைக்கவே இல்ல.

பொழைச்சுட்டான். பொழைக்காத ஒருத்தனும் எனக்கு உண்டு, அதை இங்க எழுத மனசு வரல.

இப்ப நான் ஏச வேண்டிய விஷயத்துக்கு வாரேன். பையனோட அப்பா கேட்டாரு, "நம்ம ஊர்ல எங்க டாக்டரம்மா குளிரு?" அவரு மட்டும் இல்ல, எல்லாரும் இதத்தான் கேக்காங்க, படிச்சவன் படிக்காதவன் பேதமே இல்ல. குளிர்ல சாகணும்னா காஷ்மீர் போகணும், பனி கொட்டணும், மீசையில ஐஸ் ஒட்டணும். எய்யா, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறுனா சராசரியா ஆறரை டிகிரி குறையும். பொதிகை உச்சி 1,868 மீட்டர். அம்பையில ராத்திரி 24 டிகிரின்னா அங்க 12, 13 இருக்கும். "பன்னெண்டு டிகிரிதான? ஊட்டியில இல்லாததா?" ஊட்டியில நீ ரூம்ல காய்ஞ்ச சட்டையோட ரஜாய்க்குள்ள கிடந்த. இங்க அப்படியா?

நம்பலன்னா ஒண்ணு செஞ்சு பாரு. வீட்டுல ஏசிய 16-ல வை. குளிச்ச உடம்போட துவட்டாம ஈரச் சட்டைய மாட்டு. டேபிள் ஃபேனை முழு ஸ்பீடுல மூஞ்சிக்கு நேரா வை. பாய் போடாம வெறும் தரையில படு. போர்வை கிடையாது, ராத்திரி சாப்பாடு ரெண்டு பிஸ்கட்டு, படுக்கிறதுக்கு முன்னாடி பதினஞ்சு கிலோ பேக்கைத் தூக்கிட்டு அஞ்சு மணி நேரம் மாடிப்படி ஏறி எறங்கியிருக்கணும். எத்தனை மணி வரைக்கும் படுப்ப? மலை மேல இதைவிட மூணு நாலு டிகிரி கம்மி, அதுல சுவிட்சை ஆஃப் பண்ணவும் முடியாது. தண்ணி நம்ம உடம்புச் சூட்டைக் காத்தைவிட இருபத்தஞ்சு மடங்கு வேகமா உறிஞ்சும். ஈரம், காத்து, களைப்பு, இந்த மூணும் சேர்ந்துட்டா பன்னெண்டு டிகிரியே தாராளம், ஆளத் தூக்கிரும்.

குற்றாலச் சாரல்ல நனைஞ்சு பழகுன உடம்புன்னு ஒருத்தன் சொன்னான். சாரல்ல நனைஞ்சுட்டு பத்தாவது நிமிஷம் துண்டால துவட்டி சுடச்சுட பஜ்ஜி தின்ன, கோட்டிப்பயலே, அது வேற கணக்கு.

குவாட்டரைப் பத்தி ஒரே வரி. குடிச்சா கதகதன்னு இருக்குறது உள்ள இருக்குற சூடு தோல் வழியா வெளிய ஓடுறதாலதான், ஏன் எப்படின்னெல்லாம் பள்ளிக்கூடத்து சயின்ஸ் புக்குல தேடிக்கோங்க. அப்புறம் இந்தக் கற்பூரம். மேல ஆக்சிஜன் கம்மி, கற்பூரத்தை மோந்தா ஏறும்னு பொட்டலம் பொட்டலமா கொண்டு போறானுக. நம்ம மலை எதுவும் ஆக்சிஜன் கம்மியாகி தலை சுத்துற உயரம் கிடையாது, அந்தத் தொந்தரவு பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலதான். மூச்சு வாங்குதுன்னா நீ வருஷம் பூரா நாற்காலியில உக்காந்திருந்ததால வாங்குது.

அப்புறம் ஜீன்ஸ். அந்தப் பையனோட பேண்ட்டைக் கழட்டி, ஒரு ஆத்திரத்துல, பச்சப்பிள்ளைக்கு எடை போடுற தராசுல வச்சேன். ஒரு கிலோ எழுநூத்தம்பது கிராம். குறைமாசத்துல பிறந்த ஒரு பிள்ளைய ராத்திரி பூரா ரெண்டு காலையும் சுத்திக் கட்டிக்கிட்டு கிடந்திருக்கான், அதுவும் ஈரத்துல. பருத்தி நனைஞ்சா சூடு நிக்காது, சீக்கிரம் காயவும் செய்யாது. கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சமாச்சும் சூட்டைப் பிடிச்சு வைக்கும், வீட்டுல தாத்தா போட்ட பழைய ஸ்வெட்டர் கிடந்தா அதைத் தூக்கிட்டுப் போ, போட்டோவுக்கு நல்லா இருக்காதுதான். ஒரு செட் காய்ஞ்ச துணி பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு சுத்து சுத்தி பேக்குக்கு அடியில இருக்கணும், நடக்கும்போது அதைத் தொடவே கூடாது, டெண்டுக்குள்ள போன பிறகுதான் பிரிக்கணும். மங்கி குல்லா. படுக்க அடியில தடிமனா ஏதாச்சும், மேல போத்துறதைவிட அடியில விரிக்கிறது முக்கியம். ராத்திரி நல்லா தின்னுட்டுப் படு. கடலை மிட்டாய், கருப்பட்டி, பேரீச்சம்பழம் எதுன்னாலும் சரி. நம்ம ஊரு அல்வாவுல கால் கிலோ கொண்டு போ, சீனியும் நெய்யும், உடம்புக்கு அதைவிட வெறகு வேணுமா. (சுகர் இருக்குறவங்க என்னைக் கேக்காதீங்க.)

கூட வர்றவனைப் பாருங்க, போனைப் பாக்காதீங்க. குளிர்ற ஆளுக்குத் தனக்குக் குளிர்ல புத்தி மங்குதுன்னு தெரியாது, அதான் இதுல பெரிய கொடுமை. சும்மா இருக்கான், டயர்டா இருக்கான்னு விடாதீங்க. பேச்சு குழறுதா, நேரா நடக்கத் தள்ளாடுதா, கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொட முடியலையா, போன் லாக்கை எடுக்கச் சொன்னா தடுமாறுறானா, முடிஞ்சுது, ட்ரெக் அதோட கேன்சல். நடுக்கம் நின்னா நல்லாயிட்டான்னு அர்த்தம் இல்ல, உடம்பு நடுங்கக்கூட தெம்பில்லாம கைவிட்டுட்டுன்னு அர்த்தம். சட்டையக் கழட்டுறதும் 'எரியுது'ங்கிறதும் கடைசிக் கட்டம், அப்ப பீடத்தைத் தேடாதீங்க.

காத்து அடிக்காத எடத்துக்குக் கொண்டு போங்க. ஈரத்துணியக் கழட்டி, துவட்டி, காய்ஞ்சதை மாட்டி, தலையையும் மூடி, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் ஒட்டிப் படுங்க, வெக்கமெல்லாம் அப்புறம். நல்லா முழுங்க முடிஞ்சா இனிப்பாச் சூடா குடிக்கக் குடுங்க, முடியலன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. கை காலைத் தேய்க்காதீங்க, தைலம் வேண்டாம், தீ மூட்டி பக்கத்துல வாட்டவும் வேண்டாம். ரொம்பக் குளிர்ந்த ஆளை உலுக்கித் தூக்குனா இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கயே நின்னுரலாம், பைய, படுத்தவாக்குல தூக்குங்க. செத்துட்டான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, குளிர்ந்த உடம்புல நாடி கிடைக்குறது எங்களுக்கே கஷ்டம்.

காரையாறு பக்கத்துல இருந்து மலையில குடியிருக்குற காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருத்தர் பிரஷர் மாத்திரைக்கு வருவாரு. அவர்ட்ட இந்தக் கதைய சொன்னேன். "மலை முக்காடு போட்டா நாங்களே ஏற மாட்டோம்மா"ன்னாரு. அங்கயே பிறந்து வளந்த மனுசன். நீ ஆப்புல பாத்து வெதர் சொல்ற, அது அடிவாரத்து வெதர். 2024 மே 17 பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த தண்ணியில ஒரு பதினேழு வயசுப் பையன் போனது ஞாபகம் இருக்கும், தண்ணி வர்றது மேல பெய்யுற மழையில. சாயங்காலம் செருப்பு நனையாம தாண்டுன ஓடை காலையில உன்னைத் தாண்ட விடாது, ஒரு நாளைக்குக் கூடுதலா சாப்பாடு வச்சுக்கோ, விடிய விடிய பெய்ஞ்சா அந்தக் கரையிலயே உக்காரு.

பெர்மிஷன் இல்லாம போகாதீங்கன்னு சொன்னா ஃபாரஸ்ட்காரங்க ஆளுன்னு பேசுவீங்க. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், நம்ம வீட்டுக் கொல்லை இல்ல. 2018 மார்ச் குரங்கணி தீயில இருபது பேருக்கு மேல போன பிறகுதான் தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்கு ரூல்ஸே போட்டாங்க. 2024-ல இருந்து வனத்துறையே நாப்பது ரூட்டு ஆன்லைன்ல புக்கிங் விட்டு, வழி தெரிஞ்ச உள்ளூர் ஆளையும் கூட அனுப்புறாங்க. கள்ளத்தனமா போறவனுக்கு இன்னொரு கஷ்டம், ஆபத்துன்னா போன் போடவே பயப்படுவான், ஃபைன் போடுவாங்கன்னு. இவனுகளும் அதான் பண்ணுனானுக, எறங்கி வரும்போது ஒரு எடத்துல சிக்னல் கிடைச்சிருக்கு, 108-க்குப் போடாம மச்சான் ஒருத்தனுக்குப் போட்டிருக்கானுக. ஃபைனைக் கட்டிக்கலாம்யா.

போன வாரம் அந்தப் பையன் அம்மாவோட செக்கப்புக்கு வந்தான். எல்லாம் நார்மல். எந்திரிக்கப் போறவன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "மேடம், ஜனவரியில கேரளா சைடுல அகஸ்தியர்கூடத்துக்கு பெர்மிட் ஓப்பன் பண்ணுவாங்க, போனக்காடுங்கிற ஊர்ல இருந்து ஏறி அதிருமலையில ராத்திரி ஷெட்டுல தங்கணும், அவங்களே கூட ஆள் அனுப்புறாங்க, போலாமா"ன்னான். பெர்மிட்டோட போறதுன்னா போ, கூட வர்ற ஆள் திரும்புன்னா திரும்பு, அந்த ஜீன்ஸை மட்டும் அம்மாட்ட குடுத்துட்டுப் போன்னேன். அவன் சிரிச்சான். அந்தம்மா சிரிக்கல.