நஞ்சுக்கொடியில் மலேரியாவின் உடும்புப் பிடி

"மலேரியா யாருக்கு வந்தாலும் மலேரியாதானே, கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை?" என்று ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கொசு கடிக்கிறது, கிருமி கல்லீரலில் பெருகுகிறது, பிறகு சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. இது பள்ளிப் பாடம். அப்புறம் நடப்பதுதான் விஷயம். கிருமி புகுந்த சிவப்பணு மண்ணீரல் வழியாகப் போனால் வடிகட்டப்பட்டு அழிந்துவிடும். அதனால் ஃபால்சிபாரம் வகைக் கிருமி, தான் இருக்கும் அணுவின் மேல் ஒட்டும் புரதம் ஒன்றை நீட்டி, ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. இந்தப் புரதத்தில் ஏறத்தாழ 60 வடிவங்களுக்கான மரபணுக்கள் அதனிடம் உண்டு. ஒன்றை நம் உடல் அடையாளம் கண்டுகொண்டால், வேறு வடிவத்துக்கு மாறிய கிருமிகள் தப்பிப் பெருகும்.

அவற்றில் ஒன்றின் பெயர் வார்2சிஎஸ்ஏ. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தம் பாயும் பரப்பில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ என்றொரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதைத்தான் இது பிடிக்கும். அந்தப் பிடிப்பை 1996இல் மிச்சல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் சிறு வயது முதலே நோயைச் சமாளித்து வளர்ந்த பெண்ணும் தலைப்பிரசவத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். நஞ்சுக்கொடி உருவாகும்வரை அவள் உடல் இந்த வடிவத்தைச் சந்தித்ததே இல்லை! அடுத்தடுத்த கர்ப்பங்களில் எதிர்ப்பு கூடுகிறது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு, எவ்வளவு கொடுமையானதும்கூட. தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்கு எடைக்குறைவு, சில சமயம் கருச்சிதைவு.

இந்தப் புரதத்தை வைத்தே பாம்வாக், பிரிம்வாக் என்ற தடுப்பூசிகள் மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனைக்கு வந்தன. ஏழை நாட்டுக் கர்ப்பிணிகளுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் தாராளமாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, சென்னைக்கு வருவோம். இங்கே பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு பரப்புவது. நஞ்சுக்கொடியில் வைவாக்ஸ் கிருமி அந்த அளவுக்கு ஒட்டுவதில்லை. ஆனாலும் ரத்தசோகையும் எடைக்குறைவும் இதிலும் உண்டு. கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். உறங்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுயினைக் கர்ப்பிணிக்குத் தரக்கூடாது, சிசுவின் சிவப்பணுக்கள் உடையக்கூடும். எனவே இப்போதைய காய்ச்சலுக்கு மட்டும் சிகிச்சை தந்து, மீதியைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறார்கள். இடையில் மறுபடி குளிர்க்காய்ச்சல் வந்தால் திருஷ்டி கழித்துவிட்டு ரெண்டு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்வதைக் கேட்காதீர்கள். அன்றைக்கே மாநகராட்சி சுகாதார மையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், முன்பு மலேரியா வந்ததையும் சொல்லுங்கள்.