மணிக்கட்டு வலியும் கீபோர்டின் பின்கால்களும்

மணிக்கட்டு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கீபோர்டின் அடியில் பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்னக் கால்களைப் பற்றித்தான். விரித்து வைத்திருக்கிறீர்களா, மடக்கியா? விரித்துத்தான் என்பார்கள் பலரும். கால் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் விரிக்கிறோம். இயன்முறை மருத்துவராக நான் கேட்டுக்கொள்வது, அவற்றை இன்றே மடக்கிவிடுங்கள்.

பின்பக்கம் உயர்ந்தால் கை மணிக்கட்டில் மேல்நோக்கி வளைகிறது. அந்த வளைவிலேயே கையை நிறுத்திவைக்க முன்கையின் மேல்பக்கத் தசைகள் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அசைகிற தசைக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். இறுகி நிற்கிற தசைக்குக் கிடைக்காது. சாயங்காலம் முழங்கைக்குக் கீழே வரும் கடுப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்றும் உண்டு. மணிக்கட்டின் உள்பக்கம் கார்பல் டனல் என்ற குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு அதிகம் வளைய வளைய உள்ளே அழுத்தம் கூடும். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருந்தால் அழுத்தம் குறைவு. கால்களை மடக்குவது அதற்காகத்தான், காசும் செலவாகாது.

அடுத்தது அகலம். இதை யாரும் கவனிப்பதே இல்லை. வலது ஓரத்தில் நம்பர் விசைகள் இருக்கும் பெரிய கீபோர்டைத் திரைக்கு நேர் நடுவில் வைத்தால், எழுத்து விசைகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். உடம்பு லேசாக முறுக்கிக்கொள்ளும். மவுஸ் இன்னும் வலப்பக்கம் தள்ளிப்போக, அதை எட்டுவதற்காகத் தோள் நாள் முழுக்க விரிந்தே இருக்கும். வலது தோள்பட்டை மட்டும் வலிக்கிறது என்பவர்களின் மேசையை நான் பார்க்க விரும்புவது இதனால்தான். ஆங்கில ‘B’ எழுத்து விசை உங்கள் தொப்புளுக்கு நேராக வரும்படி கீபோர்டை நகர்த்துங்கள். கணக்கு வேலை இல்லாதவர் என்றால் நம்பர் விசைகளே இல்லாத சின்ன கீபோர்டு போதும்.

ஆனால் ரொம்பச் சின்னதும் வேண்டாம். வழக்கமான கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிட நன்றாகக் குறைந்தால், பெரிய கை உள்ளவர்களுக்குப் பிழையும் கூடும், வேகமும் குறையும்.

விசை அழுந்தும் விதமும் முக்கியம். எழுத்து பதிவானது விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நாம் அடிவரை போய் இடிக்கிறோம். தேவையைவிடப் பல மடங்கு பலத்தோடு தட்டுகிறவர்கள்தான் அதிகம். நடுவழியிலேயே மெல்லிய தடை தட்டுப்படும் விசைகள் அந்தப் பழக்கத்தைக் குறைக்கச் சிலருக்கு உதவுகின்றன. மிகவும் இலேசான விசை எல்லாருக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள்; விரலை ஓய்வாக வைத்தாலே எழுத்து விழும், அப்புறம் விரல்களைத் தூக்கிப் பிடித்தபடியே தட்டச்சு செய்ய வேண்டிவரும்.

இரண்டாகப் பிரிந்த கீபோர்டு, கைகள் சுண்டுவிரல் பக்கம் வளைவதைக் குறைக்கும். அகன்ற தோள் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். தொடக்கத்தில் வேகம் விழும், பழகினால் திரும்பி வரும். எழுத்து வரிசையை மாற்றுவது வேறு விஷயம். 1936-இல் காப்புரிமை பெற்ற டுவோராக் என்ற மாற்று எழுத்து வரிசையில் விரல்கள் நகரும் தூரம் குறைவுதான். ஆனாலும் வலிக்காக அதற்கு மாறச் சொல்லி நான் யாரையும் அனுப்புவதில்லை. கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைச் சரிசெய்யாமல் எழுத்துகளை இடம் மாற்றுவதில் பலன் குறைவு.

லேப்டாப்பில் திரையும் விசைகளும் ஒட்டியிருப்பதால் ஒன்று சரியானால் மற்றது கெடும். நாள் முழுக்க அதில்தான் வேலை என்றால் தனி கீபோர்டு ஒன்றை இணைத்துவிட்டு, திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். மணிக்கட்டுத் திண்டு வைத்திருப்பவர்கள் தட்டும்போது அதில் கையை அழுத்த வேண்டாம். நிறுத்தும்போது உள்ளங்கையை வைத்துக்கொள்ளலாம்.

எல்லா வலிக்கும் கீபோர்டே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம், கழுத்து நரம்புப் பிரச்சினை இவற்றாலும் விரல் மரத்துப்போகலாம். கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய் இரவில் தூக்கம் கலைந்தாலோ, பிடித்த பொருள் கையிலிருந்து நழுவினாலோ, புது கீபோர்டு தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.