சமூக விழுமியமா, பொதுப்பயனா?

குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளைப் பற்றிய அறிக்கை எதைத் திறந்தாலும் ‘சமூக விழுமிய அளவீடு’ என்ற தொடர் வந்து நிற்கிறது. ஒரு திட்டத்தால் மக்களுக்கு விளையும் நன்மையைக் குறிக்கும் ‘சோஷியல் வேல்யூ’வுக்குத் தமிழாம்.

‘வேல்யூ’வின் வேர் லத்தீன் ‘வலேரே’: வலிமையோடிருத்தல், பெறுமானம் உடைத்தாதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, அது போகட்டும். பிரிட்டனில் 2012-இல் இப்பெயரிலேயே சட்டம் வந்தது. பொதுச் சேவைக்கு ஒப்பந்தம் விடுமுன் அதனால் வட்டாரத்துக்கு என்ன நன்மை என்றும் அரசு அமைப்புகள் யோசிக்க வேண்டும். அங்குள்ள வீட்டுவசதிச் சங்கங்கள், குடியிருப்பவருக்கு வேலை கிடைப்பதையும் அச்சமின்றி நடமாடுவதையும்கூடப் பவுண்டில் மதிப்பிடுகின்றன. இவற்றால் கிடைக்கும் அதே அளவு மனநிறைவு பணத்தால் கிடைக்க, வருமானம் எவ்வளவு உயர வேண்டும் என்று பார்ப்பது ஒரு முறை.

விழுமியத்துக்கு இங்கே என்ன வேலை? ‘ஒழுக்கம் விழுப்பந் தரலான்’ என்ற குறளில் வரும் விழுப்பத்துக்கு உறவுச் சொல் அது. நேர்மையும் ஈகையும் விழுமியங்கள். ஆங்கிலத்தில் ‘வேல்யூஸ்’ என்று பன்மையில் வருவது அதுதான். வாலில் இருக்கும் ‘ஸ்’ஸைக்கூடப் பார்க்காமல் மொழிபெயர்க்கிறவர்களை என்ன சொல்ல? (இன்னொரு உறவுச் சொல்லான விழுமத்துக்குத் தொல்காப்பியம் இடும்பை, அதாவது துன்பம், என்றும் பொருள் தருகிறது. தண்ணீர் ஏறாத மாடியில் குடியிருப்பவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடும்.)

‘சமூக மதிப்பு’ என்பாரும் உண்டு. மதுரைப் பக்கம் ‘சமூகம்’ என்றால் சாதி. சுவரொட்டிகளைப் பார்த்தாலே தெரியும். ‘மதிப்பு’ என்றால் மரியாதை, இல்லாவிட்டால் பத்திர அலுவலகத்து வழிகாட்டி மதிப்பு. மதுரையை அடுத்த ராஜாக்கூர் வாரியக் குடியிருப்பில் கேள்வித்தாளோடு வந்த இளைஞர், ‘இங்கே சமூக மதிப்பு எப்படி?’ என்று வாசித்தார். வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, ‘எந்தச் சமூகத்துக்குத் தம்பி?’ என்றார். இளைஞர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

‘பொதுப்பயன்’ என்று சொல்லிப் பாருங்கள். அளப்பதற்குப் ‘பொதுப்பயன் மதிப்பீடு’. குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது; ஊர் வாயில் இன்னும் பழைய பெயர்தான். தாளில் மட்டும் வாழும் சொல்லை இன்னொன்று சேர்ப்பானேன்? பயன் என்றால் பூக் கட்டும் அம்மாவுக்கும் புரியும். கூடியது, குறைந்தது என்று கணக்கும் சொல்லலாம். நகரத்திலிருந்து பெயர்த்து வந்து குடியேற்றப்பட்டவர்களிடம், ‘பிழைப்புக்குப் பஸ் ஏற வேண்டியிருப்பதால் பயன் குறைந்தது’ என்று அறிக்கை சொன்னால் ஆமாம் என்பார்கள். ‘உங்கள் விழுமியம் குறைந்தது’ என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும்.