நாள் முழுக்க ரேடியோ ஓடினால் டச்சு காதில் ஏறிவிடாது

டச்சுக் கேட்டல் தேர்வில் தோற்றுவிட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் எப்படிப் பயிற்சி செய்தீர்கள்?" என்றுதான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நாள் முழுக்க ரேடியோ போட்டுவிடுவேன் டீச்சர். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்." சென்ற வாரமும் ஒரு பெண் வந்து இதையே சொன்னார். வாசிப்பில் தேறிவிட்டார், எழுத்தில் தேறிவிட்டார், கேட்டலில் மட்டும் மறுபடியும் போய்விட்டது. மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார், பாவம். அந்த உழைப்பு முழுவதும் வீணானதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் எந்தத் தேர்வு என்று தெரிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தில் 2022 ஜனவரி 1 முதல் புதிய இன்பர்கெரிங் சட்டம், அதாவது குடியேறி வருபவர்கள் டச்சு மொழியும் இந்த நாட்டு வாழ்க்கையும் கற்றுத் தேர்வு எழுதச் சொல்லும் சட்டம், நடப்பில் இருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும், இங்கே நிலையாக வாழ்பவரை மணந்து வருபவர்களுக்கும் பொதுவாக இது கட்டாயம். மூன்று ஆண்டு அவகாசம், எட்ட வேண்டிய மொழி நிலை பெரும்பாலோருக்கு பி1, அதாவது அன்றாட விஷயங்களைத் தாமாகவே பேசிச் சமாளிக்கிற நடுத்தர அளவு. ஐந்தோவனிலோ ஆம்ஸ்டெல்வேனிலோ கம்பெனி விசாவில் வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ கேட்கும்போது அவர்களுக்கும் இந்தத் தேர்வு வந்து நிற்கும், குறைந்தது ஏ2 அளவில், அது பி1-க்கு ஒரு படி கீழே. ஏ2 கேட்டல் 45 நிமிடம். கணினி முன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வீடியோவும் ஒலிப்பதிவும் கேட்டு, கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பி1 என்றால் என்டி2 (டச்சு இரண்டாம் மொழியாக) அரசுத் தேர்வின் முதல் நிலை. அதில் ஒவ்வொரு பதிவையும் ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும். ஏ2 பயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு பி1 எழுதப் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கு வந்த கடிதத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் நகராட்சியில் போய்க் கேளுங்கள்.

சரி, ரேடியோவுக்கு வருகிறேன். காதில் விழுவதும் கேட்பதும் வேறு வேறு. ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சில வாரங்களிலேயே ரயில் சத்தம் தெரியாமல் போய்விடும். தனக்குத் தேவையில்லாத சத்தத்தை ஒதுக்க மூளை பழகிக்கொள்கிறது. நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓடும் டச்சு ரேடியோவுக்கும் இதுதான் நடக்கிறது. டச்சைக் கவனிக்காமல் இருக்க நீங்களே உங்கள் காதைப் பழக்குகிறீர்கள். கூடவே, நாளெல்லாம் படித்துவிட்டோம் என்ற திருப்தியும் வந்துவிடுகிறது. எனக்குப் பெரிய கவலை அந்தத் திருப்திதான்.

இதைச் சொன்னதும் உடனே ஒரு கேள்வி வரும்: "குழந்தை இப்படித்தானே டீச்சர் பேசக் கற்றுக்கொள்கிறது?" இல்லை. குழந்தையை யாரும் ரேடியோ முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போவதில்லை. அதன் முகத்தைப் பார்த்து, பாலைக் காட்டிப் பால் என்று சொல்லி, அது திரும்பப் பார்க்கும் வரை காத்திருந்து, மறுபடி சொல்கிறார்கள். கேட்ட சொல்லுக்கு உடனே ஒரு பலன் இருக்கிறது. அடுத்த கேள்வி: "எங்கள் சித்தப்பா எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்தவர், வகுப்புக்கே போகாமல் டச்சு பேசுகிறாரே?" ஆமாம், பேசுகிறார். அவர் கண்ணாடிக் குடில் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்திருப்பார். மேற்பார்வையாளர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டால் அன்றைக்கே திட்டு விழுந்திருக்கும். புரியாததைத் திரும்பக் கேட்டிருப்பார், சொன்னதைச் செய்து காட்டியிருப்பார். நீங்கள் புரிந்துகொண்டாலும் கொள்ளாவிட்டாலும் ரேடியோவுக்கு ஒன்றுமில்லை, அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

ஆங்கில சப்டைட்டிலோடு டச்சு நாடகம் பார்ப்பதும் இதே கணக்குதான். அங்கே நீங்கள் ஆங்கிலம் வாசிக்கிறீர்கள். முதல் முறையே டச்சு சப்டைட்டில் போட்டால் டச்சு வாசிக்கிறீர்கள். டிவியில் டச்சு சப்டைட்டில் வரும் 888 பக்கத்தைப் போட்டு எழுத்தைப் பார்ப்பது நல்ல வழிதான், ஆனால் அது இரண்டாவது சுற்றுக்கு.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு நிமிடப் பதிவு போதும். எழுத்து வடிவமும் கிடைக்கிற பதிவாகப் பாருங்கள். வேறு எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்து கேளுங்கள். எழுத்தைப் பார்க்காதீர்கள். யார் பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள், கடைசியில் என்ன முடிவானது என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. மறுபடி கேட்டு அந்த வரியைத் திருத்துங்கள். அப்புறம்தான் எழுத்தைத் திறக்க வேண்டும். எந்த இடத்தில் காது வழுக்கியது என்று பார்த்துக் கோடு போடுங்கள். அந்தச் சொல் உங்களுக்குத் தெரியாததா, அல்லது தெரிந்த சொல்லே காதுக்குப் பிடிபடவில்லையா? தெரியாத சொல் என்றால் படிக்க வேண்டும். தெரிந்த சொல் பிடிபடவில்லை என்றால் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியாக எழுத்தை மூடிவிட்டு ஒரு முறை. ஒரு நிமிடப் பதிவுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அந்த இருபது நிமிடத்தை முழு நாள் ரேடியோவுக்கு மேலாக மதிக்கிறேன்.

தெரிந்த சொல் காதுக்குப் பிடிபடாமல் போவதற்கு டச்சில் காரணம் நிறைய. புத்தகத்தில் இருக்கும் 'லோபன்' பேச்சில் 'லோபெ' ஆகிவிடும், கடைசி மெய்யைப் பலர் விழுங்கிவிடுவார்கள். 'ஹெட்' என்ற சொல் வெறும் 'ட்' ஆகி முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'ஏவன்' என்பது 'எஃபெ' ஆகும். பாடப் புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு இது வேறு மொழி போலவே கேட்கும். பிள்ளைகளுக்காக டச்சுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஓஎஸ் தினமும் ஒளிபரப்பும் செய்தி, யோக்ட்ஜூர்னால், இதற்கு நல்ல பயிற்சி. பேச்சு தெளிவாக இருக்கும், படமும் துணைக்கு வரும். எளிய மொழியில் பெரியவர்களுக்கான செய்தியும் அதே என்ஓஎஸ் தருகிறது. அவற்றில் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள், முழு நிகழ்ச்சி வேண்டாம்.

தேர்வில் நன்றாகப் படித்தவர்களையே கவிழ்க்கிற விஷயம் ஒன்று உண்டு. காதில் விழுந்த சொல் எந்த விடையில் இருக்கிறதோ, அதைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுவது. ஒரு பெண் பல் மருத்துவமனைக்குப் போன் செய்கிறார் என்று வையுங்கள். செவ்வாய் எனக்கு வேலை, வர முடியாது என்கிறார். புதன் சரியா என்று அவரே கேட்கிறார். அன்றைக்கு நாங்கள் மூடியிருப்போம் என்கிறார் வரவேற்பாளர். கடைசியில் வியாழன் என்று முடிவாகிறது. கேள்வி: எந்த நாள் போகிறார்? விடைக்கு ஒன்றாக மூன்று நாள். மூன்றும் காதில் விழுந்தவைதான். முதலில் கேட்ட செவ்வாயைக் குறித்துவிட்டு, "நான் தெளிவாகக் கேட்டேனே" என்று வருத்தப்படுவார்கள். கேட்டது உண்மைதான். செவ்வாய் என்ன ஆனது என்பதைத்தான் கேட்கவில்லை.

இப்படிக் கேள்வி அமைப்பவர்களைத் தந்திரக்காரர்கள் என்று திட்டாதீர்கள். தொலைபேசியில் நிஜமாகவே இப்படித்தான் பேச்சு நடக்கிறது, நாள் மாறும், நேரம் மாறும், ஒருவர் மறுப்பார். ஆகவே பதிவு ஓடுமுன் கேள்வியை வாசியுங்கள், நாளைக் கேட்கிறார்களா, காரணத்தைக் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'நீட்' (இல்லை), 'ஹேன்' (எதுவும் இல்லை), 'நீட் மேர்' (இனி இல்லை), 'நொஹ் நீட்' (இன்னும் இல்லை), 'மார்' (ஆனால்), 'தொஹ்' (இருந்தாலும்) மாதிரி சின்னச் சொற்களில் காதை வையுங்கள். முடிவைத் திருப்பிப் போடுவது அவைதான். டச்சில் வினையின் ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும். 'த லெஸ் ஹாட் வான்டாஹ் நீட் டோர்' என்றால் இன்றைக்கு வகுப்பே கிடையாது. 'லெஸ்', 'வான்டாஹ்' வரை கேட்டுவிட்டு வகுப்பு உண்டு என்று புறப்பட்டுப் போனவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். தமிழிலும் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது, வாக்கியம் முடியும் வரை காத்திருப்பது நமக்குப் பழக்கமான வேலை. டச்சுக்கு மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்?

எண்ணும் மணியும் தனியாகப் பழக வேண்டியவை. 'ஹால்ஃப் த்ரீ' என்றால் இரண்டரை மணி. நம் காது 'மூன்று' என்ற எண்ணைப் பிடித்ததும் மூன்றரை என்று எழுதிவிடும். இரண்டரைக்குக் கொடுத்த டாக்டர் நேரத்துக்கு மூன்றரைக்குப் போய் நிற்பது இங்கே புதியவர்களுக்கு வழக்கமாக நடப்பது. மூன்று இருபதை, மூன்றரைக்குப் பத்து நிமிடம் முன் என்றுதான் சொல்வார்கள். எண்பத்தைந்தில் ஐந்து முதலில் வரும், எண்பது பின்னால். தொலைபேசி எண்களை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லும்போது கை தடுமாறுவது இதனால்தான். தினமும் ஐந்து நிமிடம் யாரையாவது எண் சொல்லச் சொல்லி எழுதுங்கள். பள்ளி போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது.

மாதிரித் தேர்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இன்பர்கெரிங்குக்கான அரசுத் தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வுத் திரை எப்படி இருக்கும், கேள்வி எந்த மாதிரி வரும் என்று தெரிந்துகொள்ள அவை வேண்டும். ஆனால் ஒரே தாளை மாதக்கணக்கில் செய்து முழு மதிப்பெண் எடுத்துவிட்டு, "நான் தயார்" என்று பதிவு செய்யாதீர்கள். அதற்குள் விடைகள் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு தாளையாவது கடைசி வாரம் வரை திறக்காமல் வையுங்கள்.

கணவன்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பின்னால் வந்தவர் தேர்வுக்குப் படிக்கிறார் என்றால், அவருக்கு வரும் ஒவ்வொரு போனையும் நீங்களே வாங்கிப் பேசாதீர்கள். பள்ளியிலிருந்து வரும் வாய்ஸ்மெயிலை அவரே முதலில் கேட்கட்டும். மருத்துவமனைக்குப் போன் செய்தால், அவசரத்துக்கு 1 அழுத்தவும், மருந்துச் சீட்டுக்கு 2 அழுத்தவும் என்று ஒரு பதிவு ஓடும். அதை ஸ்பீக்கரில் போட்டு அவரையே அழுத்தச் சொல்லுங்கள். தவறினால் மறுபடி அழைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. அவசர நோய் நேரத்தில் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம், அப்போது தெரிந்தவர் பேசட்டும். வெளியிலும் இதே கதைதான். நாம் கொஞ்சம் தயங்கினால் டச்சுக்காரர்கள் உதவி செய்யும் எண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நான் டச்சு பழகுகிறேன், டச்சிலேயே பேசுங்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு பேசுவார்கள். பல நூலகங்களில் டால்கஃபே, அதாவது டச்சு பேசிப் பழகும் சந்திப்பு, நடக்கிறது. அங்கே போங்கள், போய் நம் ஊர்க்காரர் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள்.

தேர்வு நாளுக்கு அழைப்புக் கடிதமும் செல்லுபடியாகும் அடையாள ஆவணமும் கட்டாயம். முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள். தேர்வு நடப்பது ரைஸ்வைக், உத்ரெக்ட், ஸ்வோல மாதிரி சில ஊர்களில்தான். ரயில் தாமதத்துக்கும் சேர்த்துப் புறப்படுங்கள். ஹெட்ஃபோனில் சத்தம் சரியாக வரவில்லை என்றால் தொடங்குவதற்கு முன்பே கையைத் தூக்குங்கள். முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ஒரு கேள்வி கைநழுவிவிட்டால் ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். போனதை நினைத்துக்கொண்டிருந்தால் வருவதும் காதில் விழாது.

கடைசியாக, வகுப்பில் நான் கவனிக்கிற ஒன்று. சிலர், குறிப்பாக வயதில் மூத்தவர்கள், தமிழில் பேசினாலே "என்னது?" என்று திரும்பக் கேட்பார்கள். அவர்களை மொழி வரவில்லை என்று நினைத்துக் கூடுதல் பயிற்சிக்கு அனுப்புவது கொடுமை. உங்களுக்கோ வீட்டிலுள்ள பெரியவருக்கோ அப்படி இருந்தால் முதலில் குடும்ப மருத்துவரிடம் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். செவித்திறன் குறைவு இருந்தால் அதற்கேற்ப மாற்றிய முறையில் தேர்வு எழுத அனுமதி கேட்கலாம். மருத்துவச் சான்று வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும் என்பதால் தேர்வுக்குத் தேதி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.