தர்பூசணி விதையைத் தின்றால் ரோகு வளருமா?

மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். தீவனத்தில் விலை கூடிய சரக்கு புரதம். அதற்கு உலகம் நம்பியிருப்பவற்றில் முக்கியமானது மீன்தூள். அதற்கு மிகப் பெரிய ஒற்றை மூலம் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி. 2023இல் கடல் சூடாகி, வலையில் குஞ்சுகளே அதிகம் விழ, அந்நாடு முதல் மீன்பிடி பருவத்தையே ரத்து செய்தது. மீன்தூள் விலை எகிறியது. மாற்றுப் புரதம் தேடுகிறவர்கள் பழ விதைகள் பக்கம் திரும்புவது இதனால்தான்.

ஆனால் எல்லா விதையும் இதற்கு உதவாது. மாங்கொட்டைப் பருப்பில் புரதம் நூற்றுக்கு 6, 7 தான். காய்ந்த பலாக்கொட்டையில் 10 முதல் 13. இரண்டிலும் மிச்சமெல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. இவற்றைத் தவிட்டுக்குப் பதிலாகப் போடலாம், புண்ணாக்குக்குப் பதிலாகப் போட முடியாது. தர்பூசணி விதையின் கதை வேறு. ஓடு நீக்கிய 100 கிராம் பருப்பில் சுமார் 28 கிராம் புரதம், 47 கிராம் எண்ணெய். எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டால் மிஞ்சுவது 53 கிராம். அதில் பாதிக்கு மேல் புரதம். செக்கில் ஆட்டினால் கொஞ்சம் எண்ணெய் பிண்ணாக்கிலேயே தங்கும், ஓட்டோடு அரைத்தால் நார் கூடும். அப்போது இந்தக் கணக்கு இறங்கிவிடும்.

சரி, மூட்டையில் புரதம் இருக்கிறது. அது மீனின் உடம்பில் சேருமா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது. நாம் சாப்பிட்ட பருப்பை நம் வயிற்று அமிலம் முதலில் பதம் பார்க்கும்; ரோகுவுக்கு அந்தக் கட்டமே இல்லை. இரை நேரே குடலுக்குப் போகிறது, அங்கே டிரிப்சின் முதலான நொதிகள்தான் புரதத்தை வெட்ட வேண்டும். விதையோ தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராக டிரிப்சின் தடுப்பான்களை வைத்திருக்கிறது. பூட்டுக்குள் முறிந்த சாவி மாதிரி, இவை நொதியின் வெட்டும் இடத்தில் போய் மாட்டிக்கொள்கின்றன. பச்சை விதையை அரைத்துப் போட்டால் புரதத்தில் ஒரு பங்கு செரிக்காமலே வெளியேறி, குளத்துத் தண்ணீரைத்தான் கெடுக்கும்.

தீர்வு அடுப்பில் இருக்கிறது. இந்தத் தடுப்பான்களும் புரதங்களே என்பதால் வேகவைத்தால் பெருமளவு உருக்குலைந்து வேலையிழக்கின்றன. நைஜீரியாவில் இந்த விதையை வேகவைத்தும் வறுத்தும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். (அந்த மீனை இந்தியாவில் வளர்க்கத் தடை, அது தனிக் கதை.) வறுவல் கருகும் வரை போனால் இன்னொரு நஷ்டம்: புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்றான லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து மீனுக்கு எட்டாமல் போகும். விதையில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இன்னும் பிடிவாதக்காரன். விதையின் பாஸ்பரஸை அது பூட்டி வைத்திருக்கிறது, சாதாரணச் சூட்டுக்கு எளிதில் அசையாது. அதற்கு ஊறவைத்துப் புளிக்க விட வேண்டும், அல்லது ஃபைட்டேஸ் நொதியைத் தீவனத்தில் கலக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் லைசின் கணக்கு உதைக்கும். தர்பூசணிப் புரதம் 100 கிராமில் லைசின் சுமார் 3 கிராம்தான்; சாதா கெண்டைக்கு வேண்டியதோ 5.7 கிராம். ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மட்டும் தாராளமாகக் கிடக்கிறது, ஆனால் ஒன்றின் மிகுதி இன்னொன்றின் குறையை ஈடுகட்டாது. ஆகவே இதை மட்டும் போட்டு மீன் வளர்ப்பது நடக்காது. லைசின் கூடிய சோயா பிண்ணாக்கோடு கலக்கலாம், அல்லது லைசினைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம்.

அப்புறம் விலை. ஓடு நீக்கிய தர்பூசணிப் பருப்பை இனிப்புக்கும் குழம்புக்கும் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதை மீனுக்குப் போட யாருக்கும் மனசு வராது. மீனுக்கு மிஞ்சுவது எண்ணெய் எடுத்த பிண்ணாக்கும், உடைசலும், ஜூஸ் கடைகளும் பழக்கூழ் ஆலைகளும் கழிக்கும் ஈர விதையும். அந்த ஈர விதையை உடனே வெயிலில் பரப்பி நன்றாக உலர்த்தியாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையோடு அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் சேரலாம். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுக்கப் போகாது.